ஜீவராணியின் தராசும் இரண்டு பொக்ஸும்

ஜீவராணி தன் சவுண்ட் செட்டின் வயரைச் சுற்றுவதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அவளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இடது கைப் பெருவிரலுக்கும் முழங்கைக்கும் இடையில் வயரைப் போட்டு வலது கையால் இழுத்து இழுத்துச் சுற்றுவாள். உதடு அசைந்துகொண்டே இருக்கும். முப்பத்தொன்று சுற்று வர வேண்டும். முப்பதில் வயர் முடிந்துவிட்டால் அந்த விசேஷ வீட்டில் யாரோ ஒரு முழம் வெட்டிக்கொண்டார்கள் என்று பொருள். பதினொரு வருடத்தில் ஒரு நாளும் முப்பதில் முடிந்ததில்லை. எண்ணுவதையும் அவள் விட்டதில்லை.

அன்று இருபத்திரண்டாவது சுற்றில் கை நின்றது. மேல்லயத்து வரிசைவீடு ஒன்றில் கல்யாணம் முடிந்து அதன் இஸ்தோப்பில், முன்திண்ணையில், சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒலியைப் பெருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி, அம்ப், கருகிய வாசம் அடித்தது. குனிந்து முகர்ந்தாள். பிறகு அம்ப்பைப் பார்க்கவில்லை. முற்றத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

"யாரு இதுல கை வச்சது?"

யாரும் கை வைக்கவில்லை. அன்று கூட்டம் அதிகம் என்று ஹட்டனில் செட் வாடகைக்கு விடும் நிரஞ்சனிடம் இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸ் இரவல் வாங்கி, தன்னுடைய இரண்டோடு சேர்த்து நாலையும் அந்த ஒரே அம்ப்பில் கட்டியவள் அவள்தான். ஆனால் ஒரு சாமான் தானாகக் கெடும் என்பதில் ஜீவராணிக்கு நம்பிக்கை கிடையாது. கெடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இரவல் கொடுத்தவன் நிரஞ்சன். ஆகவே நிரஞ்சன்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில்தான் அவள் பிறந்தாள். பதினெட்டு வயதில் கொழுந்து எடுக்கப் போனாள். போன இரண்டாம் மாதமே ஹட்டன் சந்தையில் ஒரு கொக்கித் தராசு வாங்கினாள். தன் கொழுந்தைத் தானே ஒரு தடவை நிறுத்துவிட்டுத்தான் தோட்டத்து நிறுவை மட்டத்துக்குக் கொண்டுபோவாள். கணக்கப்பிள்ளை கொழுந்தில் இருக்கும் தண்ணீருக்கு என்று இரண்டு கிலோ கழித்தால், "ஒண்ணரைதான் தண்ணி, பிழிஞ்சு காட்டவா?" என்று கேட்பாள். கணவன் இறந்த பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம் இருந்தாள். திரும்பி வந்தபோது மகளை ராகலையில் கட்டிக்கொடுத்தாள். மீதி இருந்ததில் இரண்டு பொக்ஸும் ஒரு அம்ப்பும் இரண்டு மைக்கும் வாங்கினாள். லயத்து ஆட்கள் சிரித்தார்கள். ஒரு பெண்பிள்ளை சவுண்ட் செட் வாடகைக்கு விடுவதா என்றார்கள். அடுத்த வருடம் அவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கே அவளுடைய செட்தான் போனது.

இப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மலையில் ஏறி இறங்க முடியாது. செட் ஓடினால்தான் அடுப்பு எரியும். கீழ்க்கணக்கில் விசேஷம் என்றால் ஜீவராணி செட் என்ற பேச்சு ஒன்றுதான் அவளிடம் இருக்கும் சொத்து. நிரஞ்சன் ஒரு வேனும் கலர் லைட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை மாற்றக் காத்திருந்தான். மூன்று கிழமையில் ஃபெக்டரியில் வேலை செய்யும் செல்லசாமியின் மகள் சுலக்ஷனாவுக்குச் சடங்கு. செட்டுக்கு ஜீவராணியிடம் சொல்லியாயிற்று. அந்தச் சடங்கில் செட் சொதப்பினால் அதற்கடுத்த விசேஷத்துக்கு வேன்தான் வரும். இது அவளுக்கும் தெரியும், நிரஞ்சனுக்கும் தெரியும்.

ஹட்டனுக்கு அவளோடு நானும் போனேன். எதிர் லயத்துப் பொன்னையாவுக்கு நெஞ்சு நோய். முதியோரைப் பராமரிக்கும் வேலையைக் கொழும்பில் படித்துச் செய்து வந்தவள் என்பதால் அவரைக் காலையும் மாலையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவருடைய நெபுலைசருக்கு, மூச்சு வாங்கும்போது போடும் மெஷினுக்கு, மருந்து வாங்க வேண்டியிருந்தது.

சவுண்ட் சாமான் விற்கும் றுமைஸின் கடையில் கருகிய அம்ப்பை மேசையில் வைத்தாள். அவன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, எத்தனை பொக்ஸ் கட்டினீங்க?"

"ஏன்?"

"சொல்லுங்களேன்."

"நாலு."

"அப்ப நீங்களே கொன்னுட்டீங்க. இது ரெண்டு இழுக்கிற அம்ப்."

"நிரஞ்சன் பொக்ஸ்லதான் ஏதோ கோளாறு."

"கோளாறு எண்ணிக்கையில. உங்க பழைய பொக்ஸ் ட்ரெயிலர் மாதிரி. ட்ராக்டர் இழுத்தாத்தான் போகும். ஒரு ட்ராக்டர் பின்னால நாலு ட்ரெயிலர் கொழுந்து ஏத்திக் கட்டி மேட்டுல விட்டா என்ன ஆகும்?"

 அப்படி ஒரு ட்ராக்டர் நின்றுபோனதை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

றுமைஸ் உள்ளே போய் பிளாஸ்டிக் உடம்புள்ள ஒரு புதுப் பொக்ஸைத் தூக்கி வந்தான். "இது பவர்ட். லொறி மாதிரி. இஞ்சின் உள்ளயே இருக்கு. அம்ப் தனியா வேணாம். எதோட எதைக் கட்டுறதுன்னு யோசிக்க வேணாம். ஒண்ணு போனாலும் மத்தது பாடும்."

"அப்ப ட்ராக்டர் ஒண்ணு வாங்க வந்தவளுக்கு ரெண்டு இஞ்சின் விக்கப் பாக்குற."

"சும்மா அம்ப்பும் இருக்கு அக்கா. அதை வாங்கி பழைய பொக்ஸோட போட்டுக்கங்க. நான் வேணாம்னா சொன்னேன்?"

"ஏன் வேணாம்னு சொல்லல?"

றுமைஸ் என்னைப் பார்த்தான். நான் மருந்துச் சீட்டைப் பார்த்தேன். ஜீவராணியிடம் ஒன்றை வாங்கச் சொன்னால் ஏமாற்றுகிறாய் என்பாள். உன் விருப்பம் என்று விட்டால் எதையோ மறைக்கிறாய் என்பாள்.

பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்தாள். கடை முகப்பில் வயர்ச் சுருள்கள் தொங்கும் கம்பியில் இரண்டைக் கழற்றிவிட்டு, தராசை மாட்டி, புதுப் பொக்ஸின் கைப்பிடியைக் கொக்கியில் கோத்துத் தொங்கவிட்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"பதினாலரை," என்றாள். "பழசு இருபத்தாறு. நீ அம்ப்பும் உள்ள இருக்குன்னு சொல்ற. அம்ப்போட சேந்து பதினாலரைன்னா மீதி என்ன, காத்தா?"

"அக்கா, இது கொழுந்து இல்ல."

"கொழுந்தா இருந்தா தண்ணிக்கு ரெண்டு கழிச்சிருப்பேன்."

"பழசு பலகை. இது பிளாஸ்டிக். இப்ப வர்ற அம்ப் எல்லாம் கையளவுதான். பாரம் இல்லாதது குறை இல்ல."

எனக்கு அவன் சொல்வது சரியாகப் பட்டது. எடையை மட்டும் பார்த்து நோயாளி தேறிவிட்டார் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பயிற்சியில் முதல் பாடம். காலில் நீர் கோத்தாலும் எடை ஏறும். ஆனால் வருடக்கணக்காக எடையை வைத்துத்தான் அவளுக்குச் சம்பளம் வந்தது. எடையை வைத்துத்தான் அவளை ஏமாற்றவும் பார்த்தார்கள். வேறு எதை நம்புவாள்?

தன் பென் டிரைவைக் கொடுத்து, பதினொரு வருடமாகக் கேட்டுவரும் ஒரு அம்மன் பாட்டைப் போடச் சொன்னாள். கடைக்குள் நின்று கேட்டாள். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றும் கேட்டாள். திரும்பி வந்து பொக்ஸை ஒரு கையால் தூக்கி நாலு அடி நடந்தாள். முகம் மாறியது. முதல் தடவையாக அந்தச் சாமானை வேறு கண்ணால் பார்த்தாள்.

பழைய பொக்ஸைத் தூக்க ஒவ்வொரு விசேஷத்துக்கும் இரண்டு ஆளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவன் சாமானைப் பார்ப்பான். பார்த்தவன் கை வைப்பான். இதைத் தானே தூக்கலாம். யாரையும் கிட்டச் சேர்க்க வேண்டாம். பவர்ட் பொக்ஸ் அவளிடம் ஜெயித்தது இந்த ஒரு காரணத்தால்தான். றுமைஸ் சொன்ன ட்ராக்டர் கதையால் அல்ல.

ஆனாலும் பில்லில் ஒரு வரி எழுதச் சொன்னாள்: சடங்கு முடிந்து ஒரு கிழமைக்குள் கொண்டுவந்தால் இரண்டையுமோ ஒன்றையோ வேறு சாமானுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

"இப்படி யாரும் எழுதிக் கேட்டதில்ல அக்கா."

"அதனாலதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டான். இரண்டு இஞ்சினுக்கும் எண்ணெய் எங்கிருந்து வரும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடையில் சுவர் முழுக்க பிளக் பொயிண்ட். அங்கே நின்றுகொண்டு அந்தக் கேள்வி தோன்றாது.

லயத்தில் அது சடங்குக்கு முதல் நாள்தான் தோன்றியது.

செல்லசாமி வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு லயத்துக்கும் நடுவில் இருக்கும் நீளமான முற்றம். செல்லசாமி வீடு முற்றத்தின் இந்த முனையில், எதிர் லயத்தின் கடைசிக் காம்பரா வீடு அந்த முனையில். மூன்று நாளாகத் தூறல். முற்றத்தின் நடுவில் தண்ணீர் கட்டிக் கிடந்தது. பழைய செட்டில் அம்ப் ஒரு வீட்டில் இருக்கும்; அதிலிருந்து பொக்ஸுக்குப் போகும் வயரில் பாட்டு மட்டும்தான் போகும், அது சேற்றில் கிடந்தாலும் மிதித்துக்கொண்டு போவார்கள். புதுப் பொக்ஸ் ஒவ்வொன்றுக்கும் வீட்டுக் கரண்ட் போக வேண்டும். வீட்டுக் கரண்டைத் தண்ணீரில் போட முடியாது. பந்தல் காலில் தூக்கிக் கட்டினால் வயர் நடுக்கால் வரைதான் எட்டியது. இரண்டையும் செல்லசாமி வீட்டிலேயே சொருகிப் பார்த்தார்கள். அங்கே ஏற்கெனவே மின்குமிழ் மாலையும் ரைஸ் குக்கரும் ஓடின, ட்ரிப் சுவிட்ச் விழுந்தது.

"அந்தப் பக்கத்துப் பொக்ஸுக்கு அங்கேயே ஒரு வீட்டுல எடுத்துக்கலாம்," என்றார் செல்லசாமி. "ராக்காயி அக்கா வீடுதான் பக்கம்."

"வேற வீடு பாரு."

"வேற வீட்டுல இருந்து இழுத்தா வயரு தண்ணியில கெடக்கும். புள்ளைங்க வெறுங்கால்ல ஓடுங்க. நீயே சொல்லு."

ராக்காயி பொன்னையாவின் மனைவி. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் மகன் கல்யாணத்துக்கு ஜீவராணியின் செட் போனது. திரும்பி வந்தபோது ஒரு மைக் இல்லை. தண்ணீர்ப் பைப் பக்கத்தில் பத்துப் பேர் நிற்க, "அந்த வீட்டுலதான் இருக்கு" என்று ஜீவராணி சொன்னாள். ராக்காயி சாமியறையிலிருந்து சூடத்தட்டைக் கொண்டுவந்து அதே இடத்தில் கொளுத்தி அடித்துச் சத்தியம் செய்தாள். "சூடம் யாரு வேணா கொளுத்தலாம்" என்றாள் ஜீவராணி. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. மைக் இன்றுவரை கிடைக்கவில்லை.

செல்லசாமி போய்க் கேட்டார். நான் அப்போது பொன்னையாவுக்கு முதுகு தட்டிக்கொண்டிருந்தேன்.

"தாராளமா எடுத்துக்க சொல்லுங்க," என்றாள் ராக்காயி. "நம்ம புள்ள சடங்குக்கு இல்லாம வேற எதுக்கு? ஆனா எங்க வீட்டுல பிளக் பொயிண்ட் ஒண்ணுதான். இவருக்கு மூச்சு வாங்குனா மெஷினத்தான் போடுவேன், பாட்டு நிக்கும். அத அவகிட்ட சொல்லிருங்க."

"சொல்லிர்றேன்," என்றார் செல்லசாமி. அதற்குள் யாரோ வாழை மரம் வந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். அவர் போனார். சொல்லவில்லை. சடங்கு வீட்டுக்காரர் ஒரு நாளில் நூறு காரியம் மறப்பார். இது அதில் ஒன்று.

மறுநாள் காலை ஜீவராணி ராக்காயி வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. ஜன்னல் வழியாக வயரை உள்ளே நீட்டினாள். செல்லசாமி உள்ளே நின்று சொருகினார். ஒரு சிவப்பு நூலையும் அவரிடம் கொடுத்தாள்.

"இது எதுக்கு?"

"பிளக்கையும் பொயிண்டையும் சேத்துக் கட்டுங்க. யாராச்சும் கழட்டினா நூலு அறுந்துரும். எனக்குத் தெரிஞ்சிரும்."

செல்லசாமி சிரித்துக்கொண்டே கட்டினார். அடுப்படியிலிருந்து ராக்காயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரம் கொஞ்சம் பலமாக விழுந்தது.

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. மைக்கில் சீர் கொண்டுவந்தவர்களின் பெயரை ஜீவராணியே வாசித்தாள். பந்தல் நிறைந்திருந்தது. நிரஞ்சனும் விருந்தாளியாக வந்திருந்தான். வேனை மேல் ரோட்டில் நிறுத்திவிட்டு, கை கட்டி, புதுப் பொக்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பகல் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு இளவட்டங்கள் ஆடத் தொடங்கினார்கள்.

பொன்னையாவுக்கு மூச்சு வாங்கியதும் அப்போதுதான். நாற்பது வருடம் ஃபெக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் இடத்தில் நின்றவர் அவர். சாம்பிராணிப் புகை இரண்டு லயத்தையும் நிறைத்திருந்தது. நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றியிருந்தார். விலாவுக்கிடையில் தோல் உள்ளே இழுபட்டது. உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

ராக்காயி மெஷினை எடுத்து மடியில் வைத்திருந்தாள். மருந்தும் ஊற்றியிருந்தாள். ஆனால் பிளக் பொயிண்டுக்குக் கிட்டப் போகவில்லை.

"புடுங்கேன்," என்றேன்.

"நான் புடுங்கினா அவ என்னைத்தான் சொல்லுவா. ஒம்பது வருஷமா திருடிங்கிறா. இன்னிக்கு சடங்கையும் கெடுத்தேன்னு சொல்லுவா. நீங்க புடுங்குங்க அக்கா."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. நான் இழுத்தேன். நூல் அறுந்தது. மெஷினைச் சொருகி முகமூடியை அவர் முகத்தில் பொருத்தினேன். வெளியில் பாதிப் பாட்டு நின்றது.

பாதி என்பது சரியான சொல். செல்லசாமி பக்கத்துப் பொக்ஸ் பாடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் ஆடியவர்கள் கால் நின்று திரும்பிப் பார்த்தார்கள். வெளியில் நடந்ததைச் செல்லசாமி பிறகு சொன்னார். நிரஞ்சன் முதலில் ஜீவராணியிடம்தான் வந்தானாம்.

"என்னக்கா, ஒரு காது அடச்சிருச்சா?"

"உன் வாய் அடைக்காம இருக்கே, அதுதான் எனக்கு அதிசயம்."

அவன் சிரித்துவிட்டுச் செல்லசாமி காதருகே குனிந்திருக்கிறான். "மாமா, வேன் மேலதான் நிக்குது. சொன்னா பத்து நிமிஷத்துல எறக்கிருவேன். நல்ல நாளுல பாட்டு நிக்கக் கூடாது." செல்லசாமி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜீவராணியைப் பார்த்தார். அவள் அதையும் பார்த்துவிட்டாள். அவளுடைய பதினொரு வருடம் அந்தப் பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது வருடமாக மிதிக்காத வாசல்படியை ஒரே எட்டில் தாண்டி உள்ளே வந்தாள்.

"யாரு புடுங்குனது?"

"நான்," என்றேன்.

"நீங்களா? இவ புடுங்கச் சொன்னாளா?"

"பாத்துக்கங்க அக்கா," என்றாள் ராக்காயி என்னிடம். "நான் சொன்னேன்ல?"

ஜீவராணி கட்டிலைப் பார்த்தாள். பொன்னையா முகமூடிக்குள் கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தார்.

"காலையில எந்திரிச்சு வந்து சந்தனம் வச்சிக்கிட்டாரே. நல்லாத்தானே இருந்தாரு?"

"காலையில நல்லா இருந்தாரு. இப்ப நல்லா இல்ல. நெஞ்சுநோய் அப்பிடித்தான்," என்றேன்.

மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதிர்ந்தது. முகமூடியின் ஓரத்தில் விரலை நீட்டினாள். ஈரம் பட்டது. அதுவும் போதவில்லை. அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள், சாமி படத்துக்குக் கீழே பார்த்தாள். வேறு பிளக் பொயிண்ட் எங்குமில்லை. இருந்த ஒன்றும் ஓரம் கருகியிருந்தது.

"தேடு, நல்லாத் தேடு," என்றாள் ராக்காயி. "அரிசி டின்னுக்குள்ள பாக்கல?"

ஜீவராணி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷினின் இரைச்சலுக்கு அடியில் பொன்னையாவின் மூச்சு விசில் அடித்தது. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சுருதி, வெளியே வரும்போது வேறு. நல்ல பொக்ஸையும் கிழிந்த பொக்ஸையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பிரித்துச் சொல்லும் காது அது. அந்தச் சத்தத்தை யாரும் நடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"எவ்வளவு நேரம்?"

"பதினஞ்சு நிமிஷம். அப்புறம் நீ சொருகிக்கலாம்," என்றேன்.

"யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"செல்லசாமிகிட்ட சொல்லி விட்டேன்," என்றாள் ராக்காயி சுவரைப் பார்த்து. "வேணும்னா சூடம் கொளுத்தவா?"

ஜீவராணி வெளியே போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செத்துப்போன பொக்ஸை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போய்த் தார்ப்பாய்க்குள் வைத்தாள். மற்றப் பொக்ஸை நிறுத்தி, பந்தலின் நடுக்காலுக்குக் கொண்டுவந்து, சோறு பரிமாறும் மேசையைத் துடைத்து அதன்மேல் ஏற்றினாள். உதவ வந்தவர்களை முழங்கையால் தள்ளினாள். பழைய இருபத்தாறு கிலோவாக இருந்திருந்தால் அவளால் இதைச் செய்திருக்க முடியாது. செல்லசாமி வீட்டு வயர் நடுக்கால் வரை எட்டும் என்று நேற்றே தெரியும். சொருகினாள். மைக்கை எடுத்தாள்.

"எதிர் லயத்துல ஒருத்தருக்கு சொகமில்ல. அவருக்குத்தான் அந்தப் பக்கத்துக் கரண்டு. அதனால பாட்டு ஒரு பொக்ஸ்லதான் ஓடும். ஆடுறவங்க எல்லாம் நடுவுக்கு வாங்க. ஓரத்துல நின்னு ஆடுனா எனக்குத் தெரியாது."

எல்லோரும் நடுவுக்கு வந்தார்கள். ஒரே இடத்தில் நெருக்கி ஆடியதில் கூட்டம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. லயத்துக் கிழவி காளியாயிகூட இடுப்பில் கை வைத்து நாலு எட்டு போட்டாள். செல்லசாமி நிரஞ்சனிடம், "இருக்கட்டும் தம்பி, சாப்பிட்டியா?" என்றார். நிரஞ்சன் மூன்று மணிக்கு வேனை எடுத்துக்கொண்டு போனான்.

பதினைந்து நிமிடம் முடிந்ததும் நான் சொல்லி அனுப்பினேன். பொயிண்ட் சும்மா இருக்கிறது, சொருகிக்கொள்ளலாம் என்று.

"வேணாம்," என்று பதில் வந்தது. "மறுபடி அவருக்கு வாங்கினா? வேணாம்."

மாலையில் வயர் சுற்றினாள். முப்பத்தொன்று வந்தது. காளியாயி பக்கத்தில் வந்து நின்றாள். அடுத்த மாதம் அவள் பேரனுக்குப் பிறந்தநாள்.

"நம்ம வீட்டுக்கு ஒரு பொக்ஸ் வருமா, ரெண்டு வருமா?"

"ரெண்டு வரும். பழசு."

"புதுசு என்னாச்சு? கெட்டுப் போச்சா?"

"பொக்ஸ் கெடல. பவர்ட் பொக்ஸ் ரெண்டு போடணும்னா ரெண்டு வீட்டோட நல்லா இருக்கணும். பழசுக்கு ஒரு வீடு போதும்." சுருளை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "எனக்கு ஒரு வீட்டைச் சமாளிக்கிறதே பெரும்பாடு."

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் பொன்னையாவின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீவராணி நின்றாள். ஒரு கையில் பவர்ட் பொக்ஸ் ஒன்று. மற்றக் கையில் தராசும் பில்லும் வயர்ச் சுருளும் இருந்த பை.

"ராத்திரி தூங்கினாரா?" என்று கேட்டாள்.

கேள்வி ராக்காயியைப் பார்த்துத்தான். ராக்காயி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏன், மைக் தேட வந்தியா?"

"மைக் இந்த வீட்டுலதான் இருக்குன்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான். இப்ப அதுக்கு நேரமில்ல, பஸ் வந்துரும். தூங்கினாரா?"

"தூங்கினாரு."

"அந்த பொயிண்டு ஓரம் கருகியிருக்கு. மெஷின் போடுறப்ப தொட்டுப் பாரு. சூடா இருந்தா எடுத்துரு. வர்றப்ப புதுசு ஒண்ணு கொண்டாரேன். கரண்டு தெரிஞ்ச ஆள வச்சுப் போட்டுக்கங்க. கழட்டின பழசை எங்கிட்ட குடுத்துரணும்."

"பழசு உனக்கு எதுக்கு?"

"நீ மாத்தினியா இல்லையான்னு எனக்குத் தெரியணும்ல?"

ராக்காயி என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வாசல்படியில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. ஜீவராணி அதை எடுத்து முதலில் முகர்ந்தாள். பிறகு நின்றபடியே குடித்தாள்.

மருந்து தீர்ந்திருந்ததால் ஹட்டனுக்கு நானும் ஏறினேன். றுமைஸ் கடையைத் திறந்து முடிக்குமுன் பில்லை நீட்டினாள். ஒரு பவர்ட் பொக்ஸைச் சின்ன விசேஷங்களுக்கு வைத்துக்கொண்டாள். மற்றதைத் திருப்பிக் கொடுத்து, பழைய பொக்ஸ்களுக்கு ஒரு அம்ப் கேட்டாள். அவன் இரண்டு அம்ப் காட்டினான். இரண்டையும் தராசில் தொங்கவிட்டாள். ஒன்று ஐந்து கிலோ, மற்றது பதின்மூன்று.

"இதுலதான் சாமான் இருக்கு," என்று பாரமானதைத் தொட்டாள்.

"சின்னதும் அதே வேலை செய்யும் அக்கா. நான் அன்னிக்கே சொன்னேன்."

"அன்னிக்கு நீ எல்லாம் சொன்ன, பிளக் பொயிண்ட் கதைய மட்டும் சொல்லல."

அவள் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு வெள்ளை மார்க்கரை வாங்கி அவன் கையில் கொடுத்து, அம்ப்பின் நெற்றியில் எழுதச் சொன்னாள். 'இரண்டு பொக்ஸ் மட்டும்' என்று அவன் எழுதினான். நாலு பொக்ஸ் கட்டி அம்ப்பைக் கருக்கியது தான்தான் என்று அவள் ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். ஒரு புது பிளக் பொயிண்டும் வாங்கினாள். கடை வயரில் மாட்டி ஒரு பல்பை எரியவைத்துப் பார்த்த பிறகே பையில் போட்டாள்.

அம்ப்பைச் சோதிக்க றுமைஸ் அவளுடைய வயர்ச் சுருளை வாங்கி அவிழ்த்திருந்தான். பஸ் புறப்பட்டதும் அம்ப்பை மடியில் இருத்தி, வயரைப் பெருவிரலில் மாட்டி, முழங்கைக்கு இழுத்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.